லோடு வண்டிக்கு ஷாக்கு: அளந்து வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டுவது வரை

ஆத்தங்குடி தரைக் கல் ஏற்றுகிறவர்களுக்கு ஷாக்கு (ஷாக் அப்சார்பர்) போன சேதி சாலையில் தெரியாது, இறக்குகிற இடத்தில்தான் தெரியும். வைக்கோல் வைத்துப் பதமாக அடுக்கி, பள்ளம் பார்த்து ஓட்டி வந்தும் மூலை உடைந்த கல் வழக்கத்தைவிடக் கூடுதலாக விழும். புதுவயல் மில்லில் இருந்து அரிசி மூட்டை அடிக்கிறவருக்கு அந்த எச்சரிக்கை கிடையாது, மூட்டை எங்கே உடையப்போகிறது. ஆனால் அவர் வண்டியின் பின் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். தொண்டியிலிருந்து மீன் பெட்டி கொண்டு வருகிறவர் கதை வேறு. ஷாக்கு ஓரளவு நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுதான் உப்பில் அரித்து உளுத்துப் போயிருக்கும்.

நம் காரைக்குடிப் பக்கத்து இந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் மாதிரி, பட்டை ஸ்பிரிங்கில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்) நிற்கிற சின்ன லோடு வண்டிகள்தான் மனதில் இருக்கின்றன. இந்த வண்டிகளில் ஷாக்கு மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஒரு பக்கத்துக்கு ரெண்டே போல்ட்டு. பழைய போல்ட்டு ஒத்துழைத்தால் காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். உங்கள் வண்டியில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கின் நடுவே ஷாக்கு சொருகி, ரெண்டும் ஒரே செட்டாக இருந்தால் அதை வீட்டில் பிரிக்காதீர்கள். நசுக்கி வைத்திருக்கிற காயில் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொல்லும். அதைப் பட்டறையிலேயே விட்டுவிடலாம்.

ஷாக்கு எதையும் தூக்காது

"அண்ணே, பின்னாடி ரொம்ப இறங்குது, நல்லா கட்டியா ஒரு ஷாக்கு போட்டு விடுங்க" என்பார் வண்டிக்காரர். நல்ல மெக்கானிக்காக இருந்தால் "பட்டையைப் பாத்தியா தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். மற்றவர்கள் ஷாக்கை விற்றுவிடுவார்கள்.

சுமையைத் தாங்குவது பட்டை. ஷாக்கின் வேலை வேறு. பள்ளத்தில் இறங்கி ஏறியபின் பட்டை பாட்டுக்குத் துள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் துள்ளலை அடக்குவதற்குத்தான் ஷாக்கு. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகளும் வால்வுகளும். தண்டு மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியே நெருக்கியடித்துப் போக வேண்டியிருக்கிறது, துள்ளலின் வேகம் சூடாக மாறிப் போய்விடுகிறது. அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்றால் பட்டை உடைந்திருக்கிறதா, வளைவு போய்விட்டதா, பட்டையின் முனையைக் கோத்திருக்கிற சாக்கிள் புஷ் தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். புது ஷாக்கு அதில் ஒரு விரல்கடை உயரத்தைக்கூடக் கூட்டித் தராது.

சுமையைப் பற்றியும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முக்கால் இஞ்சு கனமுள்ள சிமெண்டு கல் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 4 கிலோ வரும். 200 சதுர அடி ஏற்றினால் 800 கிலோ, அதாவது குட்டி யானை என்கிற டாடா ஏஸின் 750 கிலோ கணக்கை அப்போதே தாண்டியாயிற்று. ஒரு சின்ன ஹாலுக்குத்தான் காணும், ஆனால் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று 300 சதுர அடி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டிக்கு எந்த ஷாக்கு போட்டாலும் நிற்காது.

போயிருக்கிறதா, இல்லையா

பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவது காருக்குச் சரி. பட்டை வண்டியில் அது ஏமாற்றும், ஏனென்றால் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஓரளவுக்கு ஆட்டத்தை நிறுத்திவிடும். செத்த ஷாக்கோடும் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும்.

அதைவிட நம்பகமானது கை. மேடு பள்ளமான சாலையில் ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக்கு சூடாக இருக்கும், மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். முதலில் விரல் நுனியால் தொடுங்கள், சைலன்சர் பக்கத்தில் இருப்பதைத் தொடும்போது கவனம்.

அப்புறம் கண். உடம்பில் லேசாக எண்ணெய்ப் பூச்சு மாதிரி தெரிந்து அதில் புழுதி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், தண்டு உள்ளே போய் வரும்போது கொஞ்சம் ஈரம் வெளியே வருவது வழக்கம்தான். நம் ஊர்ச் செம்மண் புழுதிக்கு அந்த ஈரம் கொஞ்சம் கிடைத்தாலே பொன்னிறமாகப் பூசிக்கொள்ளும், அதைப் பார்த்து ஒழுகுகிறது என்று மாற்றிவிடாதீர்கள். துடைத்துவிட்டு ரெண்டு நாள் ஓட்டுங்கள். மறுபடியும் எண்ணெய் வழிந்து கீழ்க் கண் (போல்ட்டு நுழைகிற வளையம்) வரைக்கும் கோடு இழுத்திருந்தால் சீல் போயிற்று.

மற்றபடி, உடம்பில் நசுங்கல், தண்டில் துருப்புள்ளி, கண்ணுக்குள் இருக்கிற ரப்பர் புஷ் ஓவலாகிப்போய் போல்ட்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, சேசிஸ் பிராக்கெட்டில் மயிரிழை மாதிரி விரிசல். கடைசியாகச் சொன்னது இருந்தால் ஷாக்கு வாங்குவதற்கு முன்னால் வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் டேப் எடுங்கள்

வண்டி கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தால் மாடலையும் வருஷத்தையும் சொல்லி அதற்கான பார்ட் நம்பரை வாங்கிவிடலாம், இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். ஆனால் நம் பக்கம் கல் வண்டிகளில் பாதிக்கு மேல் கூடுதல் பட்டை சொருகியதாகத்தான் இருக்கிறது. பட்டை ஏறினால் வெறும் வண்டியில் உயரம் கூடும், அப்போது கம்பெனி அளவு ஷாக்கு நீளம் பற்றாமல் போகும். அச்சு கீழே தொங்க வேண்டிய ஒவ்வொரு தடவையும் ஷாக்கே கயிறு மாதிரி அச்சைப் பிடித்து நிறுத்தும், அந்த இழுப்பில் கண் பிய்ந்து வரும். "புது ஷாக்கு, ஆறு மாசம்கூடத் தாங்கல" என்கிற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஷாக்கின் தரம் இல்லை.

அளக்கும் முறை இதுதான். வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மேல் போல்ட்டின் மையத்தில் இருந்து கீழ்ப் போல்ட்டின் மையம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே அச்சுக்கு மேலே சேசிஸில் இருக்கிற ரப்பர் முட்டுக்கும் அச்சுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்றும் அளக்க வேண்டும். உதாரணத்துக்கு மையத்துக்கு மையம் 42 சென்டிமீட்டர், முட்டு இடைவெளி 9 சென்டிமீட்டர் என்றால், முழுசாக அமுங்கும்போது ஷாக்கு 33-க்கு வந்துவிடும். ரப்பர் முட்டும் கொஞ்சம் நசுங்கும் என்பதால் இன்னும் 2, 3 சென்டிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். ஆக, புது ஷாக்கை முழுசாக அமுக்கினால் 30-க்கு வர வேண்டும். வராவிட்டால் லோடோடு ஒரு நல்ல பள்ளத்தில் இறங்கும்போது ஷாக்கின் அடித்தட்டு முட்டித் தெறித்துவிடும். ஷாக்கு சாய்வாக மாட்டியிருப்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் அமுங்கும், அது நமக்கு லாபக் கணக்கு.

அடுத்தது விரியும் நீளம். இதற்குச் சேசிஸைத் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு, ஷாக்கின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், கழற்றாமல் அளந்தால் பழைய ஷாக்கு விட்ட அளவுக்கு மட்டும்தான் அச்சு இறங்கியிருக்கும். இறக்கும்போது பிரேக் ஹோஸ் மீது ஒரு கண் இருக்கட்டும், அது விறைப்பாகிற இடத்தோடு நிறுத்திவிடுங்கள். கிடைத்த நீளத்தைவிடப் புது ஷாக்கு 2 சென்டிமீட்டராவது கூட விரிய வேண்டும். இவற்றோடு போல்ட்டின் பருமன், புஷ்ஷின் அகலம், முனை கண் வகையா இல்லை ரப்பர் வாஷர் போட்ட தண்டு வகையா என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய ஷாக்கைக் கழற்றிக் கையில் கொண்டுபோகலாம்தான். ஆனால் அது ஏற்கெனவே யாரோ மாற்றிப் போட்ட தப்பு அளவாக இருந்தால் தப்பையே திரும்ப வாங்கி வருவீர்கள்.

எண்ணெயா, கேஸா?

கேஸ் ஷாக்கிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. நைட்ரஜனை அழுத்தி அடைத்திருப்பது, தொடர்ந்து வேகமாக ஆடும்போது எண்ணெய் நுரைத்துப் போகாமல் இருக்க. நுரைத்த எண்ணெய் ஓட்டைகள் வழியே தடையில்லாமல் போகும், ஷாக்கு கொஞ்ச நேரத்துக்குச் செத்த மாதிரி ஆகிவிடும். திருமயம் வழியாகத் திருச்சிக்கும், இன்னொரு பக்கம் மதுரைக்கும் நெடுந்தூரம் லோடு அடிக்கிறவர்களுக்கும், மண் ரோட்டில் விடாமல் ஓட்டுகிறவர்களுக்கும் கேஸ் வகை பிரயோஜனம். காரைக்குடியையும் கானாடுகாத்தானையும் கோட்டையூரையும் சுற்றிச் சுற்றி வருகிற வண்டிக்குச் சாதாரண எண்ணெய் ஷாக்கே போதும் என்பது என் அபிப்பிராயம், மிச்சக் காசுக்குப் புது போல்ட்டும் புஷ்ஷும் வாங்கலாம்.

"ஹெவி டூட்டி" என்று ஸ்டிக்கர் ஒட்டியதைப் பார்த்து மயங்க வேண்டாம். கல் வண்டி போகும்போதுதான் லோடு, திரும்பும்போது வெறும் வண்டி. முழு லோடுக்கு ஏற்ற கட்டியான ஷாக்கைப் போட்டால் வெறும் வண்டியில் பின்பக்கம் டங்கு டங்கென்று குதிக்கும், டெய்ல் கேட் சங்கிலி அறுந்து விழும், டிரைவர் முதுகும் போகும். கம்பெனி கொடுத்த கட்டி எவ்வளவோ அதையொட்டியே வாங்குவது நல்லது.

பிராண்டு என்றால் கேப்ரியல், மன்ரோ ரெண்டும் பெரிய பெயர்கள். கேப்ரியல் இந்தியா 1961-ல் ஆரம்பித்த கம்பெனி, நம் ஓசூரிலேயே அவர்களுக்கு ஆலை உண்டு. பெயர் பெரிதாக இருந்தால் போலியும் கூடவே வரும். பெட்டியில் இருக்கிற பார்ட் நம்பரும் ஷாக்கின் உடம்பில் அச்சடித்த நம்பரும் ஒன்றா, விலை ஒட்டியிருக்கிறதா, தண்டு கண்ணாடி மாதிரி ஒரே வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்கிற கடையில் நிற்கவே வேண்டாம். உங்கள் அளவு உள்ளூரில் இல்லையென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ சொல்லிப் பார்சலில் வரவழைக்கலாம், கிடைத்ததை வைத்து ஒப்பேற்றாதீர்கள்.

பழைய ஷாக்கை அறுத்து எண்ணெய் மாற்றி வெல்டிங் வைத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் கனத்தில் எண்ணெய் ஊற்றினார்கள், எவ்வளவு ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் வேலை செய்யும். இதே காரணத்துக்காகத்தான் ஒரு அச்சுக்கு ரெண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது. இடது பக்கம் மட்டும் ஒழுகினாலும் ஜோடியாகவே வாங்குங்கள். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, ரெண்டையும் ஒரே நாளில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

இடமும் சாமானும்

பழைய செட்டிநாட்டு வீடுகளில் பின்கட்டு வாசல் அடுத்த தெருவரைக்கும் போகும், வண்டி நிறுத்தத் தாராளமாக இடம் இருக்கும். தளம் போட்ட இடம் என்றால் ஆத்தங்குடி கல் பதித்த இடம் வேண்டாம். ஜாக்கி ஸ்டாண்டின் கால் ஒரு புள்ளியில் அமுக்கினால் கல் வெடித்துவிடும், ஆச்சியிடம் வாங்குகிற ஏச்சு ஷாக்கு விலையைவிடப் பெரிது. செம்மண் தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே ஒன்றரை இஞ்சு கனத்துக்குக் குறையாத பலகை போட வேண்டும். மழை பெய்த மறுநாள் மண் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பொதபொதவென்று இருக்கும். அன்றைக்கு வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செம்புராங்கல், செங்கல், ஹாலோ பிளாக் எதையும் அடுக்கக் கூடாது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொலபொலவென்று உதிரக்கூடிய சாமான் அவை. ரெண்டு இரும்பு ஸ்டாண்டு சொந்தமாக இல்லாவிட்டால் பட்டறையில் ஒரு நாளுக்கு இரவல் வாங்குங்கள். ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம்.

ரிங் ஸ்பேனர் ரெண்டு ரெண்டாக, சாக்கெட் செட், நீளமான பவர் பார், ஒயர் பிரஷ், சுத்தியல், ஹேக்சா பிளேடு, துரு இளக்குகிற ஸ்பிரே, புது போல்ட்டு நட்டு வாஷர். போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டுகிற எண் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும், பழையதில் என்ன இருந்ததோ அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, தலையில் எதுவுமே எழுதாத போல்ட்டு கதவுக்குச் சரி. இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்சு இருந்தால் ரொம்ப நல்லது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம், அண்ணாந்து பார்த்து ஒயர் பிரஷ் போடும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

முந்தின நாள் சாயங்காலம்

துருவைப் பற்றியும் ஆராய்ச்சி செய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் நம் காரைக்குடியிலேயேதான் இயங்குகிறது. இருந்தும் லோடு வண்டிகளின் கீழ்ப் போல்ட்டுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

வேலை நாளைக்கு என்றால் இன்றைக்கே வண்டிக்கு அடியில் போய் நாலு போல்ட்டின் மரைகளையும் ஒயர் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, ஸ்பிரே அடித்து விட்டுவிடுங்கள். ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. மீன் வண்டி என்றால் ரெண்டு நாள் முன்னாலேயே ஆரம்பிக்கலாம். அடிக்கும்போது பிரேக் டிரம் பக்கம் தெறிக்காமல் துணி வைத்து மறைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியை எங்கே தாங்குவது

இந்த வேலையில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. வழக்கமாகச் செய்வது சேசிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டுக் கழற்றுவது. பட்டை வண்டிக்கு அது தேவையே இல்லை. அச்சுக்கு அடியில், பட்டை உட்காரும் இடத்தை ஒட்டி ஸ்டாண்டு கொடுங்கள். வண்டியின் எடை பட்டை மேலேயே இருக்கும், ஓடும்போது இருக்கிற உயரத்திலேயே எல்லாம் நிற்கும், ஷாக்கு இழுபடாது அமுங்காது, பிரேக் ஹோஸும் விறைக்காது. கடைசியில் நட்டை முறுக்கும்போது இதன் அருமை தெரியும்.

பின்னச்சில் டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினாலும், ஸ்டாண்டை ரெண்டு பக்கக் குழாயிலும் கொடுத்து இறக்கிவிட வேண்டும். முன்னச்சில் ஸ்டீரிங்கோடு சேர்ந்த டை ராடு மேல் ஸ்டாண்டு படாமல் பாருங்கள். உடம்பு நுழைய இடம் இருக்கிறது என்றால் தூக்கவே வேண்டாம், சக்கரம் தரையில் இருக்க அப்படியே மாற்றலாம், அதுதான் எல்லாவற்றிலும் பத்திரம்.

ஹேண்ட் பிரேக் இந்த வண்டிகளில் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கம் ரெண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் கியரும் இருந்தும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் பாடியைப் பிடித்து நன்றாக ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்கள். ஆடினால் திரும்பத் தூக்கிச் சரி பண்ணிவிட்டு அப்புறம் அடியில் போங்கள்.

கழற்றுவது

கீழ்ப் போல்ட்டில் ஆரம்பியுங்கள். முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு நூல் அளவு அசைத்துவிட்டு, பிறகு தளர்த்துகிற பக்கம் போங்கள். அந்தச் சின்ன அசைவில் துரு உடையும். 'கிரிக்' என்று சத்தம் வந்தால் நல்ல சகுனம். கால் சுற்று, மறுபடி ஸ்பிரே, திரும்பி உள்ளே, மறுபடி வெளியே என்று பொறுமையாக வாருங்கள். ஒரேயடியாக இழுத்தால் போல்ட்டு முறுகி அறுந்துவிடும். போல்ட்டுக்குப் பதில் சேசிஸோடு வெல்டிங் வைத்த இரும்பு முளையாக இருந்து அது அறுந்தால் அன்றைய பொழுது பட்டறையில்தான்.

நட்டு வந்துவிடும், போல்ட்டு வராது. இதுதான் அடிக்கடி நடப்பது. புஷ்ஷுக்குள் இருக்கிற இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிப் போயிருக்கும். சுத்தியலால் அடித்தால் ரப்பர் அமுங்கி எழும்புமே தவிர போல்ட்டு நகராது. ரெஞ்சு போட்டுத் திருப்பினால் குழாயும் சேர்ந்து சுற்றும். இந்த நிலைமையில் பழைய ஷாக்கைக் காப்பாற்ற நினைப்பதில் அர்த்தமில்லை. கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில் ஹேக்சா பிளேடை நுழைத்து ரெண்டு பக்கமும் போல்ட்டை அறுத்து எடுத்துவிடுங்கள், நேரமானாலும் சுத்தமான வழி. கிரைண்டர் போட்டால் தீப்பொறி எங்கே போகிறது என்று பாருங்கள், டீசல் குழாயும் பிரேக் குழாயும் அந்தப் பக்கம்தான் ஓடும். வெல்டிங் வைத்த முளையில் நட்டு இறுகிப் போயிருந்தால் நட்டை நெடுக்குவாக்கில் அறுத்துப் பிளக்கலாம், முளையின் மரையில் பிளேடு படக் கூடாது.

கேஸ் வெல்டிங் காரரைக் கூப்பிட்டுச் சூடு காட்டச் சொல்வது சுலபமாகத் தெரியும். ஷாக்கு மூடிய டப்பா, உள்ளே எண்ணெய், சிலவற்றில் அழுத்தமான கேஸ் வேறு. உடம்பில் சூடு பட்டால் வெடிக்கும். நட்டில் மட்டும் காட்டுகிறேன் என்று சொல்வதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

மேல் போல்ட்டு கை நுழையாத இடத்தில் இருந்தால் நெகிழ் மூட்டு போட்ட சாக்கெட் உதவும். தண்டு வகையில் நட்டைத் திருப்பும்போது தண்டும் கூடச் சுற்றும். தண்டின் உச்சியில் சப்பையாகச் சீவியிருக்கும், அதைச் சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். வாஷர் எந்தப் பக்கம், போல்ட்டுத் தலை எந்தப் பக்கம் என்பதெல்லாம் மாட்டும்போது மறந்துபோகும். சில வண்டிகளில் பின்னச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கும், லோடுக்குத் தகுந்தபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வின் கம்பி அது. அதைத் தொடாமல், வளைக்காமல் வேலையை முடிக்க வேண்டும்.

புதுசை மாட்டுவது

பெட்டியைப் பிரித்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணின் அகலம், உள் விட்டம், நீளம். சரி என்றால் அடுத்தது காற்று வெளியேற்றுவது. சாதாரண எண்ணெய் ஷாக்கு கடையில் படுக்கை வசமாகக் கிடந்திருக்கும், பிஸ்டன் ஓடுகிற உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். வண்டியில் எப்படி நிற்குமோ அப்படி நிமிர்த்திப் பிடித்து, முழுசாக இழுத்து, மெதுவாக முழுசாக அமுக்குங்கள். முதல் ரெண்டு தடவை நடுவில் ஓரிடத்தில் தொளக்கென்று தடையில்லாமல் போகும். நாலைந்து முறைக்குள் அந்தத் தொளதொளப்பு போய் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக எதிர்க்கும். அதற்கப்புறம் படுக்க வைக்காதீர்கள், நேராகக் கொண்டுபோய் மாட்டுங்கள். பத்துத் தடவை அமுக்கியும் தொளதொளப்பு போகவில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெரும்பாலான எண்ணெய் ஷாக்குகளுக்குத் தண்டு மேலே, உருளை கீழே என்பதுதான் நிலை. தலைகீழாக மாட்டினால் காற்று பிஸ்டன் பக்கம் வந்துவிடும். மூடி போட்ட பக்கம் மேலே என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தண்டைப் பிளையரால் பிடிக்கவே பிடிக்காதீர்கள். நகக்கீறல் அளவு தழும்பு விழுந்தாலும் அது சீலின் உதட்டை உரசி உரசிக் கிழித்துவிடும்.

கேஸ் ஷாக்கு பட்டைக் கயிறு போட்டு அமுக்கி வரும். மேலே மாட்டிவிட்டு, கீழ்க் கண்ணைப் பிராக்கெட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு கயிறை வெட்டுங்கள், அது தானாகவே மெதுவாக நீளும். நேராக வரும்போது போல்ட்டைச் சொருக வேண்டும். நடுவில் விரலை வைக்காதீர்கள். கொஞ்சம் கூட நீண்டுவிட்டால் கையால் அமுக்கலாம், ஒருவர் அமுக்க ஒருவர் சொருக என்று ரெண்டு பேர் இருந்தால் சுலபம்.

ரப்பர் புஷ் நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் தடவுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. கிரீஸில் இருக்கிற எண்ணெய் ரப்பரை ஊதவைத்துப் பொதபொதவென்று ஆக்கிவிடும். போல்ட்டின் வழவழப்பான பகுதியில் மட்டும் மெலிசாக ஒரு பூச்சு பூசலாம், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். மீன் வண்டிக்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மரையில் பூசாதீர்கள், பூசினால் டார்க் ரெஞ்சின் கணக்கு தப்பும்.

நட்டுகளை இப்போதைக்குக் கையால் ஓட்டிவிட்டு லேசாக மட்டும் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி முறுக்கு

அவசரப்பட்டுப் பல பேர் கெடுப்பது இந்த இடத்தைத்தான். கண்ணுக்குள் இருக்கிற இரும்புக் குழாயைப் போல்ட்டு இறுக்கிப் பிடித்துவிடும், குழாய் அப்புறம் அசையாது. அதைச் சுற்றி ஒட்டியிருக்கிற ரப்பர்தான் முறுகி முறுகித் திரும்பும். அச்சு தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும், பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் அதிகமாக முறுகும். கொஞ்ச நாளில் கிழிந்து 'டொக் டொக்' சத்தம் வரும், பழி ஷாக்கு மேல் விழும். அதனால்தான் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு என்று சொன்னேன். சேசிஸில் தாங்கியிருந்தீர்கள் என்றால் வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் ஒருமுறை உருட்டி உட்காரவைத்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே முடிவு. புத்தகம் கையில் இல்லாமல் பொதுவாகச் சொன்னால் 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டு 80 நியூட்டன் மீட்டர் வாக்கிலும், 10 மில்லிமீட்டர் போல்ட்டு 45 வாக்கிலும் தாங்கும். ரப்பர் வாஷர் போட்ட தண்டு வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் ரப்பர் லேசாகப் பிதுங்கி, மேலிருக்கிற இரும்பு வாஷரின் விளிம்புக்குச் சமமாக வரும்வரை இறுக்கினால் போதும், அதற்கு மேல் போனால் ரப்பர் பிளந்துவிடும். நைலான் வளையம் போட்ட நட்டைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள், அதன் பிடிப்பு ஒரு தடவைக்குத்தான்.

முறுக்கி முடித்த நட்டில் பெயின்டால் ஒரு கோடு இழுத்து, அதே கோட்டைப் பிராக்கெட் மேலும் தொடர்ந்து இழுத்து வையுங்கள். நட்டு கழன்று திரும்பினால் கோடு விலகிக் காட்டும், அடுத்த முறை டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும்.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டீரிங்கைக் கடைசி வரை இடதும் வலதும் திருப்பி, முன் ஷாக்கு டயரிலோ ஹோஸிலோ இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வெறும் வண்டியாகக் கிளம்புங்கள். முதலில் தெருவுக்குள் மெதுவாக, அப்புறம் குன்றக்குடி ரோடு மாதிரி ஒரு ரோட்டில் கொஞ்ச தூரம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரே ஆட்டத்தில் நிற்க வேண்டும். 'டங்' என்று இரும்புச் சத்தம் வந்தால் போல்ட்டு இன்னும் லேசாக இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். 'கிரீச்' என்றால் பெரும்பாலும் பட்டைச் சத்தமாக இருக்கும், ஷாக்குக்குச் சம்பந்தமில்லை. வண்டி முன்பைவிடக் கொஞ்சம் விறைப்பாகத் தோன்றும். இவ்வளவு நாள் செத்த ஷாக்கில் ஓட்டிப் பழகியதால் வரும் தோற்றம் அது, ஒரு வாரத்தில் பழகிவிடும். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர் சத்தம் போடத்தான் செய்யும், புது ஷாக்கு டயரை நிமிர்த்தாது.

முதல் லோடு ஏற்றி இறக்கிய பிறகு, ஒரு 100 கிலோமீட்டர் வாக்கில், பெயின்ட் கோடுகளைப் பார்த்து நட்டுகளை ஒருமுறை சோதித்துவிடுங்கள். லோடோடு நிற்கும்போதே அடியில் டார்ச் அடித்து, தண்டு இன்னும் எவ்வளவு வெளியே தெரிகிறது என்றும் பார்க்கலாம். ரெண்டு விரல்கடைகூட மிச்சமில்லை என்றால் நீளம் தப்பு, இல்லையென்றால் லோடு தப்பு.

பழைய ஷாக்கைக் காயலான் கடையில் போடும்போது கேஸ் வகையா எண்ணெய் வகையா என்று சொல்லிக் கொடுங்கள், அவர்கள் கட்டரால் அறுப்பார்கள். ஒழுகுகிறதை வைக்கோல் மேலோ வாசல் கல் மேலோ போட்டுவைக்காமல் ஒரு பழைய டின்னில் நிற்கவைத்தால் வீட்டில் சண்டை இருக்காது.